நம் பிள்ளை கணினியைத் தொட்டதா?

அண்மையில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். வகுப்புக்கு ஒரே கணினி. வீட்டில் கணினி இருக்கும் இரண்டு பிள்ளைகள் மவுஸைப் பிடித்திருந்தார்கள். நம் தெருப் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

மகாடு சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று நகராட்சி தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் 1927இல் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போய் அதில் தண்ணீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. ஏட்டில் இருக்கும் உரிமை கைக்கு வந்தால்தான் உரிமை. பள்ளிக் கணினியும் அப்படித்தான்.

கொரோனாக் காலத்தில் பாடம் செல்போனுக்குள் போனது. அப்பா வேலைக்குப் போனபோது செல்போனும் கூடவே போனது. இன்று சாதிச் சான்றிதழ், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். இ-சேவை மையத்தில் நம் பெயரை யாரோ தட்டுகிறார்கள். ஓர் எழுத்து மாறினால் அலைவது நாம்.

எனவே வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் பத்து நிமிடமாவது கணினி கிடைக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் தமிழில் தட்டவும், தேடவும், வந்த செய்தி மெய்யா பொய்யா என்று பார்க்கவும், ஓடிபியை யாரிடமும் சொல்லாதிருக்கவும் தெரிய வேண்டும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். அதில் நமக்கும் இடம் உண்டு. அடுத்த கூட்டத்துக்குக் கூலி வேலையை விட்டாவது போங்கள். ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்த வாரம் என் பிள்ளை கணினியைத் தொட்டதா?”