சீக்கிரம் திரும்பினால் நல்ல ஸ்கீயா?

"நல்ல ஸ்கீ எது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "லேசா சாய்ச்சாலே திரும்பிடும் பாரு, அதுதான்". கற்றுக்கொள்கிறவருக்கு இது சரி. வேகமாக இறங்கத் தெரிந்தவருக்கு இதே பதில் தப்பு என்பது என் கட்சி.

விஷயத்துக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஸ்கீ இரண்டு முனையிலும் அகலமாகவும் நடுவில் ஒடுங்கியும் இருக்கும். அந்தப் பக்கவாட்டு வளைவை நீட்டி முழு வட்டமாக்கினால் வருகிற ஆரத்தைத்தான் ஸ்கீயின் மேல் 'ரேடியஸ்' என்று அச்சடிக்கிறார்கள். ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நின்றால், அது வளைந்து, வழுக்காமல் பனியைக் கீறிக்கொண்டே திரும்பும். இதுதான் கார்விங். பழைய ஸ்கீக்கள் கிட்டத்தட்ட நேர்க்கோடு. 1990களில் ஸ்லொவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ் என்ற இடுப்பு ஒடுங்கிய ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகு, சாதாரண ஆட்களுக்கும் கார்விங் கைவந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. வேகம் கூடினால் வெளியே தள்ளும் விசை கூடும். அதைச் சமாளிக்க இன்னும் சாய வேண்டும். சாய்ந்தால் ஸ்கீ இன்னும் சின்ன வட்டத்தில் திரும்பும். வட்டம் சுருங்கினால் விசை இன்னும் கூடும். திரும்பவும் சாய வேண்டும்! ஒரு கட்டத்துக்கு மேல் சமநிலை என்பதே கிடையாது. சரிவைக் கணக்கில் எடுக்காத எளிய இயற்பியல் கணக்குப்படி, 13 மீட்டர் ரேடியஸ் ஸ்கீக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 41 கி.மீ. 18 மீட்டருக்கு 48, 30 மீட்டருக்கு 62. அதற்கு மேல் போனால் ஒன்று ஸ்கீ வழுக்கும், இல்லை ஆளைத் தூக்கி எறியும். விளிம்பு பனியைக் கவ்விக்கொண்டு விடாமல் போனால் அடி வாங்குவது முழங்கால்.

அதனால்தான் தேர்ந்தவர்களுக்கான வேக ஸ்கீக்கள் நீளமாக, பெரிய ரேடியஸோடு, விறைப்பாக இருக்கின்றன. மர நடுப்பகுதிக்கு மேலும் கீழும் டைட்டனால் தகடு ஒட்டுவார்கள் (பெயரைப் பார்த்து டைட்டானியம் என்று ஏமாறாதீர்கள், அது அலுமினியக் கலவை). அதிர்வு குறையும், முறுக்கிக்கொள்ளாது. ஆனால் மெதுவாகப் போகிறவருக்கு அது வளைந்தே கொடுக்காது.

இதற்கு நிஜ சாட்சி ஜயன்ட் ஸ்லாலம் பந்தயம். 2012-13 பருவத்திலிருந்து ஆண்கள் ஸ்கீயின் குறைந்தபட்ச ரேடியஸை 27 மீட்டரிலிருந்து 35 ஆக்கியது சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம். சொன்ன காரணம் காயங்களைக் குறைப்பது. கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி. ஆனால் புது ஸ்கீயில் நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தில், 2012 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில், அவரே 2.75 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார்! நூறில் ஒரு பங்கு விநாடிக்கு அடித்துக்கொள்ளும் விளையாட்டில் இது யானை வித்தியாசம். 2013 உலக சாம்பியன்ஷிப்பில் மூன்று தங்கம் வேறு. மற்றவர்கள் வளைவின் தொடக்கத்தில் ஸ்கீயை வழுக்கித் திருப்ப, இவர் சீக்கிரமே விளிம்பில் ஏறி நன்றாகச் சாய்ந்தார்.

"அப்போ சட்டம் சரிதானே?" என்று கேட்கலாம். இல்லை. அவர் ஜெயித்தது அவருடைய திறமைக்குச் சாட்சி, மற்றவர்களின் முழங்கால் பிழைத்ததற்குச் சாட்சி அல்ல. 2017-18ல் சம்மேளனமே 30 மீட்டருக்கு இறங்கி வந்தது. ஆனால் ஒன்று நிரூபணமானது: ரேடியஸ் பெரிதானால் கார்விங் செத்துவிடும் என்ற பயம் வீண். தெரிந்த கால் இருந்தால் எவ்வளவு சாய்வது, எங்கே திரும்புவது என்று மனிதனே முடிவு செய்யலாம்.

தேர்ந்தவருக்கான ஸ்கீயை நான் அளப்பது இப்படித்தான். முழு வேகத்தில் போகும்போது முடிவு யார் கையில் இருக்கிறது? ஆள் கையிலா, ஸ்கீ கையிலா? 'ரேஸ்' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குவதை விட, தன் நிஜ வேகத்தை ஒப்புக்கொண்டு அதற்கேற்ற ரேடியஸை வாங்குவது நல்லது. ஸ்கீ உடைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், முழங்கால் அப்படியில்லையே.

நீங்க என்ன சொல்றீங்க?