காரூனைப் பார்த்து ஏங்கியவர்கள்

காரூனைப் பற்றிப் பேசும்போது நம் மேடைகள் பெரும்பாலும் அவனது கருவூலச் சாவிகளோடு நின்றுவிடுகின்றன. வலிமை வாய்ந்த ஒரு கூட்டத்தாருக்கே பளுவாக இருந்த சாவிகள், அவனது ஆணவம், அவனையும் அவன் வீட்டையும் பூமி விழுங்கிய முடிவு என்று உரை நிறைவடைந்துவிடும். ஆனால் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயம் 79-ஆம் வசனத்தில் நம் பார்வையை வேறு பக்கம் திருப்புகிறது. அவன் தன் அலங்காரங்களோடு மக்கள்முன் புறப்பட்டு வந்தபோது, அதைப் பார்த்து நின்றவர்களும் இருந்தார்கள். அவனுக்கு வாய்த்தது தமக்கும் வாய்த்திருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கினார்கள். அவனைப் பூமி விழுங்கிய பிறகு, அவனுடைய இடத்தை நேற்றுவரை விரும்பிய அதே மக்கள், தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள்.

நம்மில் காரூன்கள் மிகச் சிலரே. ஓரத்தில் நின்று ஏங்கியவர்களின் வரிசையிலோ நாம் அனைவரும் நிற்கிறோம். இக்கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

ஆந்திர எல்லையை ஒட்டி, திருத்தணிக்கு அப்பால் உள்ள பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தறியை நம்பி வாழும் ஊர். தெருவில் நடந்தால் விசைத்தறியின் சத்தம் வீட்டுக்கு வீடு தொடர்ந்து வரும். நூலைத் தருபவர் ஒருவர், நெய்த துணியை எடுத்துச் செல்பவர் ஒருவர். இடையில் நின்று நெய்பவருக்குக் கிடைப்பது கூலி மட்டுமே. நூல் விலை ஏறினாலும், மின்சாரம் போனாலும், சரக்கு தேங்கினாலும் அந்தக் கூலிதான் முதலில் அடிபடும். இத்தகைய ஊரில் வளர்ந்த ஒருவருக்குத் துணியின் தரத்தைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. விரல்களுக்கு இடையே ஒருமுறை தேய்த்துப் பார்த்தால் போதும். என்ன நூல், எத்தனை நெருக்கம், எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

அவருடைய மகன் சென்னையின் பெரிய வணிக வளாகத்துக்குச் சென்று, மார்பில் விரலளவு சின்னம் தைத்த சட்டை ஒன்றை வாங்கி வருகிறான் என்று கொள்வோம். தந்தையின் விரல்கள் அந்தத் துணியில் புதிதாக எதையும் காணா. மகனுக்கும் அது தெரியும். துணிக்கு உரிய விலை ஒரு பங்கு என்றால், சின்னத்துக்கு அவன் கொடுத்தது பல பங்கு. அறியாமையால் ஏமாறுகிறவனுக்கு எடுத்துச் சொல்லலாம். அறிந்துகொண்டே கொடுக்கிறவனிடம் என்ன சொல்வது? அவன் வாங்கியது உடை அன்று. பிறர் கண்ணில் தனக்கு ஓர் இடம்.

ஆசையை எவ்வாறு உற்பத்தி செய்யலாம் என்பதற்கு நம் பகுதியின் துணியே உலகறிந்த சான்றாக இருக்கிறது. கட்டம் போட்ட பருத்தித் துணியை மேலை நாடுகள் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றே அழைக்கின்றன. நாம் இடுப்பில் கட்டும் கைலியின் நெருங்கிய உறவு அது. 1958 வாக்கில் அந்தத் துணி பெருமளவில் அமெரிக்காவுக்குச் சென்றது. புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற ஆடை நிறுவனம் அதில் ஆடைகள் தைத்து விற்றது. இயற்கைச் சாயம் ஏற்றிய துணியாதலால் தனியே, குளிர்ந்த நீரில் அலச வேண்டும். அந்தச் செய்தி வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. சலவையில் சாயம் இறங்கியது. சினமுற்ற வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். வணிகர்கள் என்ன செய்தார்கள்? குறையை நீக்கவில்லை. சாயம் இறங்குவதுதான் இத்துணியின் சிறப்பு என்று விளம்பரப்படுத்தினார்கள். சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் அளித்து விற்றார்கள். வாங்குவதற்குப் போட்டி எழுந்தது. துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. பார்ப்பவர் மனம் மட்டுமே மாற்றப்பட்டது. நம் ஊரில் சாயம் போகும் கைலியை எவரும் இனாமாகக்கூட வாங்கமாட்டார் என்பது வேறு செய்தி.

இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. அதுவே ஏக்கத்தின் பொருளாகவும் இருக்கிறது. நம்மிலும் கீழான நிலையில் உள்ளவர்களைப் பாருங்கள், மேலான நிலையில் உள்ளவர்களைப் பாராதீர்கள், இறைவன் அளித்த அருட்கொடையை அற்பமாகக் கருதாதிருக்க அதுவே வழி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். கையில் உள்ள திரையோ நாள் முழுவதும் மேலே உள்ளவர்களை மட்டுமே காட்டுகிறது. பிறருக்குக் கொடுக்கப்பட்ட உலக அலங்காரத்தின்பால் கண்களை நீட்ட வேண்டாம் என்று 20-ஆம் அத்தியாயத்தின் 131-ஆம் வசனம் தடுக்கிறது. கண்ணை நீட்டுவதற்கென்றே ஒரு கருவியைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

அந்தக் கருவிகளில் மிகுந்த மதிப்புடையதாகக் கருதப்படும் ஐபோன், பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய ஸ்ரீபெரும்புதூரில்தான் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் பொருத்தப்படுகிறது. 2021 டிசம்பரில் அங்கு பணிபுரிந்த பெண்கள் தங்கியிருந்த, நம் திருவள்ளூர் மாவட்டத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியரின் நிலை தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். தொழிற்சாலை மூடப்பட்டு, மறு மாதம்தான் திறந்தது. தங்குமிடங்களிலும் உணவுக்கூடங்களிலும் சில தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்தப் பேசியின் ஒளிப்படக் கருவி எத்தனை துல்லியமானது என்று விவாதித்துக்கொண்டிருந்தோம். அதைப் பொருத்திய பெண் எந்தத் தரையில் படுத்தாள் என்பது நம் பேச்சில் வரவேயில்லை.

சரி, வாங்குகிறவனிடம் பணம் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. இருப்பது மாதத் தவணை.

இங்கு நம் சமுதாயத்தின் ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். வட்டி கலந்துவிடும் என்று அஞ்சி வங்கியில் வீட்டுக்கடன் வாங்க மறுத்து, வாடகை வீட்டிலேயே காலம் கழிக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களது பேணுதலை நாம் மதிக்கிறோம். அதே வீட்டுப் பிள்ளையின் சட்டைப்பையில் ‘வட்டியில்லாத் தவணை’யில் வாங்கிய பேசி இருக்கும். கேட்டால், வட்டி பூச்சியம் என்று கடையிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்பான்.

கடைக்காரர் எழுதியதை விடுங்கள். கடன் அட்டைகளில் அளிக்கப்படும் இத்தகைய பூச்சிய வட்டித் திட்டங்களில் வட்டி என்பது மறைக்கப்பட்டு, செயற்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் வாடிக்கையாளர் தலையில் ஏற்றப்படுகிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. பூச்சிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்றும் கூறியது. அதன் பிறகு பெயர் மாறிற்று. இப்போது வட்டிக்குச் சமமான தொகை முதலிலேயே தள்ளுபடியாகக் காட்டப்படுகிறது. பின்னர் அதே தொகை வட்டியாகத் தவணைகளில் பிரித்து வாங்கப்படுகிறது. கடன் அட்டையின் மாதக் கணக்கை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். அதில் வட்டி என்று ஒரு வரி இருக்கும். அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரியும் இருக்கும். இல்லாத வட்டிக்கு எவர் வரி வாங்குவார்? 60,000 ரூபாய்ப் பொருளை ரொக்கமாக வாங்குகிறவருக்கு 57,000 என்றால், தவணைக்காரர் கூடுதலாகக் கொடுக்கும் 3,000 ரூபாய்க்கு என்ன பெயர்? தவணைக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்று விற்பவரே வெளிப்படையாகப் பேசி, ஒன்றை முடிவுசெய்து விற்பதை மார்க்க அறிஞர் பலர் அனுமதித்திருக்கிறார்கள். அது தனி வாதம். இடையில் ஒரு வங்கி புகுந்து, கடனைத் தந்து, கணக்கில் வட்டி என்றே எழுதி வாங்குவதை அந்த அனுமதிக்குள் திணிக்க இயலாது.

நமக்கு எதிராக ஒரு கேள்வி வரும் என்பதை அறிவோம். அழகிய ஆடையும் அழகிய காலணியும் வேண்டும் என்று விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோது, அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்? அடியார்களுக்காக அல்லாஹ் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று 7-ஆம் அத்தியாயம் வினவவில்லையா? இமாம் மாலிக் அவர்கள் நல்லாடை அணிந்தவர்களாயிற்றே? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பெருஞ்செல்வராக வாழவில்லையா?

அனைத்தும் உண்மை. கந்தலையே இறையச்சத்தின் சீருடையாக ஆக்க முனைவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த நபிமொழி அங்கே முடியவில்லை. சத்தியத்தை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று அது தொடர்கிறது. முதற்பாதியைக் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்கிறவர்கள் இரண்டாம் பாதியைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். விளம்பரத்துக்காக உடுத்தும் ஆடையைப் பற்றி எச்சரிக்கும் நபிமொழியும் இருக்கிறது; அதை நம் துணிக்கடைக்காரர்கள் நினைவூட்டப் போவதில்லை. நல்ல கைக்கடிகாரத்தை நேசிப்பவர், இருட்டிலும் அதை நேசிப்பார். சட்டைக்கையை மடித்துக் கட்டினால்தான் இன்பம் தருகிற கடிகாரத்தில், நேரத்தை விடப் பிறர் கண்ணே முக்கியம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்முடைய கண்டனங்கள் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கின்றன. தறிக்கூலி பெறுபவரின் மகன் விலையுயர்ந்த பேசி வாங்கினால் அதை ஆடம்பரம் என்று ஜும்ஆ உரையில் சாடுகிறோம். செல்வர் வீட்டு நிக்காஹ் மேடையில், கூடியிருக்கும் அனைவரும் பார்க்க, ஒளிப்படக்காரர் முன்னிலையில் மாப்பிள்ளையிடம் வண்டிச் சாவி கையளிக்கப்படும்போதோ, அதே உரையாளர் முன்வரிசையில் அமர்ந்து பரக்கத்துக்காக துஆ செய்கிறார். மஹர் கொடுக்க வேண்டியவன் சாவி வாங்குகிறான். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் படம் இரவுக்குள் ஊரின் ஒவ்வொரு கைக்கும் போய்ச் சேரும். பெண் பிள்ளையைப் பெற்ற ஒரு தறிகாரர் அதைத் தன் பேசியில் பார்ப்பார். அடுத்த வீட்டில் அவருடைய சம்பந்தி ஆகப்போகிறவரும் பார்ப்பார். நகையும் பணமும் பற்றிய பேச்சு மறுநாளே தொகை மாறிவிடும். ஏங்கியவனை மட்டும் திட்டி என்ன பயன்? காரூன் அலங்காரத்தோடு வெளியே வந்த பிறகுதான் அந்த மக்களின் வாயில் அந்த ஏக்கம் பிறந்தது.

அன்றும் அறிவு கொடுக்கப்பட்டவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள் என்று 80-ஆம் வசனம் கூறுகிறது. அலங்கார ஊர்வலத்தை எல்லோரும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலேயே, இறைவனிடம் உள்ள வெகுமதியே சிறந்தது என்று அவர்கள் எடுத்துரைத்தார்கள். பூமி பிளக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நம் ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இதுதான்: திருமணப் பதிவேட்டில் கையொப்பமிட வரும் இரு வீட்டாரிடமும், மேடையில் சாவியோ நகைப்பெட்டியோ காட்டப்படாது என்று முன்கூட்டியே சொல்லிவிட உங்களால் முடியுமா? ஏழை வீட்டு நிக்காஹிலிருந்து வேண்டாம். ஊரிலேயே பெரிய வீட்டு நிக்காஹிலிருந்து தொடங்குங்கள்.