உரிமம் யார் கையில்?

திண்டிவனத்தில் கல்லூரி மாணவர்களோடு ஒரு சட்ட வகுப்பு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-ஐ வரிவரியாக வாசித்துக்கொண்டிருந்தோம். விதி 3(1) வந்ததும் ஒரு தம்பி கை தூக்கினார். "அக்கா, நமக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரலாம்னு நிஜமாவே சட்டத்துல இருக்கா?"

இருக்கிறது. அந்த விதியைப் படிப்படியாகப் பார்ப்போம். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை மாநில அரசு முதலில் அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் எஸ்.பி.யும் அங்கே நேரில் போய் நிலைமையை ஆராய வேண்டும். தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் தலித், பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான், தேவைப்பட்டால் தலித், பழங்குடி மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க உரிமம் வழங்குவது வருகிறது.

இந்த விதியை நடைமுறைப்படுத்தக் கோரும் குரல்களை நாங்கள் ஆதரிக்கிறோம். துப்பாக்கி மீது எங்களுக்கு மோகம் கிடையாது. ஆனால் அது கிராமங்களுக்குப் புதிதாக வரப்போகிற பொருளும் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணிக்கு வந்த நிலவுடைமைக் கூட்டம் துப்பாக்கியோடுதான் வந்தது. ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். எங்கள் பக்கத்திலும் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லி வாங்கிய துப்பாக்கியை நிலக்காரர் வீட்டில்தான் பார்த்திருக்கிறோம், காலனியில் பார்த்ததில்லை. ஆயுதம் மறுக்கப்பட்டதால்தான் ஒடுக்கப்பட்டவர்களால் கிளர்ந்தெழ முடியவில்லை என்று அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார்.

"துப்பாக்கி இருந்தால் மேலவளவு முருகேசன் பிழைத்திருப்பாரா?" என்று கேட்பார்கள். தெரியாது. ஓடும் பேருந்தை மறித்து ஒரு கும்பல் அரிவாளோடு ஏறும்போது ஒரு துப்பாக்கி என்ன செய்திருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகம் போய்த் திரும்பும் வழியில்தான் அவரும் உடன் இருந்த ஐவரும் கொல்லப்பட்டார்கள். ஆபத்து இருப்பது அரசுக்கு முன்பே தெரியும். தெரிந்த பிறகு அரசு என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த விதி சொல்கிறது.

எங்கள் விழுப்புரத்திலும் 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அந்த நினைவோடு வளர்ந்தவர்களிடம் "போலீஸ் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் மட்டும் போதாது.

முடிவு எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். 1956-இல் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டது. இங்கேயும் உரிமம் தருவது அதிகாரியின் முடிவுதான். ஆனால் போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் 1959-இன் 14-ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. குடிசையில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம்.

எங்களுக்கும் ஒரு பயம் உண்டு. வீட்டுக்குள் இருக்கிற துப்பாக்கி குடித்தவர் கையிலோ மனமுடைந்தவர் கையிலோ கிடைத்தால், முதலில் சாவது அந்த வீட்டுப் பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருக்கலாம். அதனால் "எல்லோருக்கும் துப்பாக்கி" என்று நாங்கள் கேட்கவில்லை. விதியில் உள்ள வரிசைப்படியே கேட்கிறோம். மிரட்டுகிறவரின் உரிமத்தை முதலில் ரத்து செய்யுங்கள். அதன் பிறகும் உயிருக்கு ஆபத்து இருக்கும் சாட்சிக்கும் ஊராட்சித் தலைவருக்கும் உரிமம் கொடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறோம். உரிமம் இல்லாத ஆயுதத்தைத் தொடாதீர்கள். உங்கள் மீது வழக்குப் போட அந்த ஒன்று போதும். நம்மிடம் மனு இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? அங்கே எத்தனை உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன? தலித், பழங்குடி மக்களுக்கு எத்தனை வழங்கப்பட்டன? வரும் பதிலை எடுத்துக்கொண்டு ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு, கண்காணிப்புக் குழுவுக்குப் போவோம். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கோட்ட அளவிலும் அப்படி ஒரு குழு உண்டு. முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். இந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு என்பதுதான் மாநில அரசிடம் நம் முதல் கோரிக்கை.

கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கு, அவர் தலித், பழங்குடி அல்லாதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. மனு கொடுக்கும்போது அந்தப் பிரிவையும் எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.