யானை போகும் பாதையில் உல்லாச விடுதி

காலையில் காடு. மத்தியானம் நீச்சல் குளம். சாயங்காலம் மறுபடியும் காடு. ராத்திரி நெருப்பு மூட்டி, சுற்றி உட்கார்ந்து விருந்து!

இப்படிப்பட்ட விடுமுறைக்கு இப்போது நல்ல கிராக்கி. வண்டியில் போய்க் காட்டு மிருகங்களைப் பார்ப்பதற்கு "சபாரி" என்று பெயர். சகல வசதிகளும் உள்ள உல்லாச விடுதிக்கு "ரிசார்ட்" என்று பெயர். இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்பதுதான் இந்த வியாபாரம்.

படுக்கையை விட்டு எழுந்திருக்காமலே யானையைப் பார்க்கலாம் என்பது இதில் உள்ள பெரிய கவர்ச்சி. வராந்தாவுக்கு எதிரே யானை வந்து நிற்குமாம்.

யானை அங்கே ஏன் வருகிறது? அறை எடுக்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை. நீலகிரி மாவட்டம் மசினகுடியில் இந்தக் கேள்வி ஐகோர்ட்டுக்குப் போனது. அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனது.

குறுகலான வழி

ஊட்டியில் இருந்து கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் மசினகுடி வரும். பக்கத்தில்தான் முதுமலை. 1940-ம் ஆண்டிலேயே இது மிருகங்களின் சரணாலயம் ஆகிவிட்டது. 2007-ல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர் காடு. மேற்கே கேரளத்தின் வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம் காடு. மூன்று ராஜ்யங்களின் காடுகள் கை கோத்து நிற்கும் இடம் இது. உலகத்தில் ஆசிய யானைகள் அதிகமாக வாழும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

ஒரு யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தின்றால் காடு மொட்டையாகிவிடும். ஆகவே யானை நடக்கிறது. மழையைத் தேடி, புல்லைத் தேடி, தண்ணீரைத் தேடி நடக்கிறது. வயதான பெண் யானை முன்னே போகும். மற்றவை பின்னே போகும். அந்தக் கிழவி எந்த வழியில் போனாளோ, அதே வழியில் மகளும் பேத்தியும் போவார்கள்.

முதுமலையில் இருந்து சத்தியமங்கலம் பக்கம் போக வேண்டுமானால், யானைகள் சீகூர் என்ற பீடபூமியைக் கடக்க வேண்டும். அதன் தெற்கே செங்குத்தான நீலகிரி மலை. வடக்கே மோயாறு ஓடும் ஆழமான பள்ளம். யானையால் மலையிலும் ஏற முடியாது. பள்ளத்திலும் குதிக்க முடியாது. நடுவில் கிடப்பது ஒரு குறுகலான நிலம். அதுதான் வழி. வேறு வழி கிடையாது.

மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இருளரும் குறும்பரும் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். மின்சார நிலைய வேலைக்காக வந்தவர்களும் தங்கினார்கள். விவசாயிகள் வந்தார்கள். உல்லாச விடுதிகள் வந்தது கடைசியில்தான்.

வேலியும் பலாப்பழமும்

விடுதி என்றால் வெறும் அறை மட்டும் அல்ல. வேலி உண்டு. பல இடங்களில் அது மின்சார வேலி. ராத்திரியில் விளக்கு. பாட்டு. வண்டிகளின் இரைச்சல். ஒரு விடுதி இருந்தால் யானை சுற்றிக்கொண்டு போய்விடும். பக்கத்திலேயே இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று வேலிகள் சேர்ந்துவிட்டால் எங்கே போகும்?

வேலி இல்லாத பக்கம் போகும். வேலி இல்லாத பக்கம் ஏழை விவசாயியின் வாழைத் தோட்டம் இருக்கிறது. ராத்திரிக் காவலுக்குப் போன மனிதன் இருக்கிறான். விடியற்காலையில் ரோட்டில் நடந்து வேலைக்குப் போகும் பெண் இருக்கிறாள். அறைக்கு வாடகை கொடுப்பவர் ஒருவர். அதற்கு விலை கொடுப்பவர் வேறு ஒருவர். இந்த வியாபாரத்தில் உள்ள பெரிய கோளாறு இதுதான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. யானை விலகிப் போய்விட்டால் விடுதிக்கு நஷ்டம்! ஆகவே உப்பு வைப்பதும், தண்ணீர் வைப்பதும், பலாப்பழம் போடுவதும் காட்டு ஓரங்களில் நடப்பது உண்டு. ஒரு பக்கம் வேலி போட்டுத் தடுக்கிறார்கள். மறு பக்கம் பழம் போட்டு அழைக்கிறார்கள். யானைக்கு எது புரியும்?

வாழைத்தோட்டம் பக்கத்தில் "ரிவால்டோ" என்று ஜனங்கள் பெயர் வைத்த ஓர் ஆண் யானை இருந்தது. தும்பிக்கையில் காயம் பட்ட யானை. மனிதர்கள் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அது ஊரையே சுற்றிச் சுற்றி வந்தது. 2021 மே மாதம் காட்டு இலாகா அதைக் கூண்டில் அடைத்து வைத்தியம் பார்த்தது. ஆகஸ்டு மாதம் முதுமலையின் உட்காட்டில் கொண்டு போய் விட்டார்கள். ரிவால்டோ அங்கே தங்கவில்லை. காடு முழுவதும் நடந்து, வெகு சீக்கிரத்தில் வாழைத்தோட்டம் பக்கமே திரும்பி வந்துவிட்டது! பழம் கிடைத்த இடத்தை அது மறக்கவில்லை.

ரிவால்டோவுக்காவது உயிர் மிஞ்சியது. அதே 2021-ம் வருடம் ஜனவரியில் மசினகுடியில் நடந்தது நெஞ்சைப் பதற வைக்கும் சம்பவம். சுமார் 40 வயதுள்ள ஓர் ஆண் யானை ஒரு தங்கும் விடுதியின் பக்கம் வந்தது. அதை விரட்டுவதற்காக, கொளுத்திய டயரை அதன் மேல் வீசினார்கள். காதில் தீப்பற்றி எரிய, அந்த யானை இருட்டில் ஓடியது. ஜனவரி 19-ந் தேதி, வைத்தியத்துக்காகத் தெப்பக்காடு முகாமுக்கு லாரியில் கொண்டு போகும்போதே அது செத்துப்போயிற்று. காட்டு இலாகா ஊழியர் ஒருவர் அதன் தும்பிக்கையைத் தடவித் தடவி அழுத காட்சியை நாடே பார்த்தது. சம்பந்தப்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்த விடுதிக்கும் சீல் வைக்கப்பட்டது.

வழக்கு நடந்தது எப்படி?

கோர்ட்டு கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. யானைப் பாதையை மீட்க வேண்டும் என்று 2008-ல் சென்னை ஐகோர்ட்டில் பொது நல வழக்கு போடப்பட்டது. 2010 ஆகஸ்டில், "இது யானை வழித்தடம்" என்று தமிழ்நாடு அரசு உத்தரவு போட்டது. 2011 ஏப்ரலில் ஐகோர்ட்டு அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. நிலத்தைக் காலி செய்து ஒப்படைக்கும்படியும் சொன்னது. விடுதிக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள்.

2018 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி, கலெக்டரின் ஆட்கள் இருபதுக்கு மேற்பட்ட விடுதிகளின் கதவுகளில் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14-ந் தேதி முடிவான தீர்ப்பு வந்தது. யானை வழித்தடத்தைக் காப்பது சர்க்காரின் கடமை, ஐகோர்ட்டு தீர்ப்பு சரியே என்று நீதிபதிகள் சொன்னார்கள். நிலச் சொந்தக்காரர்களின் ஆட்சேபனைகளைக் கேட்பதற்கு, ஓய்வு பெற்ற ஐகோர்ட்டு நீதிபதியின் தலைமையில் ஒரு குழுவும் போட்டார்கள்.

விடுதிக்காரர்கள் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். "எங்களிடம் பட்டா இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய நிலம். யானை நடக்காத இடத்தையும் வழித்தடம் என்று படத்தில் சேர்த்துவிட்டார்கள்" என்பது அவர்கள் வாதம். பட்டா இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குடியிருக்க வீடு கட்டுகிறேன் என்று அனுமதி வாங்கி, அதில் விடுதி நடத்தினால் அது வேறு விஷயம் அல்லவா?

விடுதி மூடினால் சமையற்காரருக்கு வேலை போகிறது. அறை துடைக்கும் பெண்ணுக்குச் சம்பளம் போகிறது. கடன் வாங்கி ஜீப் வாங்கியவர் தவணை கட்ட முடியாமல் திண்டாடுகிறார். இவர்கள் யாரும் யானைக்கு விரோதிகள் அல்ல. சொல்லப்போனால், யானையின் குணம் இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு விடுதி முதலாளிக்குத் தெரியாது. இவர்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்விக்கு எந்தத் தீர்ப்பிலும் முழுப் பதில் கிடைக்கவில்லை.

மசாய் ஜனங்கள் செய்தது

உல்லாச விடுதியும் காடும் சேர்ந்து வாழவே முடியாதா? முடியும் என்று சொல்ல, கடல் கடந்து ஓர் உதாரணம் உண்டு. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்தில் மசாய் மாரா என்ற புகழ் பெற்ற காடு இருக்கிறது. சபாரி என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இருந்து வந்ததுதான். மாடு மேய்க்கும் மசாய் ஜனங்கள், காட்டை ஒட்டிய தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்து விடுதிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அந்த நிலத்தில் வேலி கிடையாது. எத்தனை கூடாரம் போடலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. குத்தகைப் பணம் நிலச் சொந்தக்காரரின் குடும்பத்துக்குப் போகிறது. சிங்கம் உயிரோடு இருந்தால்தான் வாடகை வரும் என்பது அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

அதிலும் கஷ்டம் உண்டு. 2020-ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது விருந்தாளிகள் வரவில்லை. குத்தகைப் பணமும் குறைந்தது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே மிருகம் நடக்கும் நிலத்துக்கு வாடகை கிடைக்கிறது. மசினகுடியில் அந்த நிலத்தை மறித்துக் கட்டிய அறைக்கு வாடகை கிடைத்தது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு

முதுமலையில் மிருகங்களைப் பார்க்கக் காட்டு இலாகாவே தெப்பக்காட்டில் இருந்து வண்டி விடுகிறது. காலையிலும் சாயங்காலமும் போகலாம். இலாகாவின் ஓய்வு விடுதிகளும் உண்டு. நீச்சல் குளம் இருக்காது. மான் கூட்டம் இருக்கும்! தெப்பக்காடு முகாமில் வளர்ப்பு யானைகளுக்கு உருண்டை உருண்டையாகச் சோறு கொடுப்பதைப் பார்க்கலாம். 2023-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய யானைப் படம் எடுக்கப்பட்டது இந்த முகாமில்தான்.

சொகுசாகத் தங்கியே ஆக வேண்டும் என்பவர்கள் ஊட்டியிலோ குன்னூரிலோ தங்கிவிட்டு, கூடலூர் வழியாகத் தெப்பக்காட்டுக்கு வரலாம். தூரம் அதிகம். பொழுது விடியும் முன்பே கிளம்ப வேண்டும். மசினகுடிப் பக்கமே தங்குவதாக இருந்தால், அறை எடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்கலாம். "விடுதிக்கு அனுமதி இருக்கிறதா? யானைப் பாதைக்கு வெளியே இருக்கிறதா?" இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

"ராத்திரி சபாரி அழைத்துப் போகிறோம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம். புலிக் காப்பகங்களில் இரவுச் சுற்றுலா கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. மையக் காட்டில் பார்வையாளர்கள் கைபேசியை எடுக்கக் கூடாது என்றும் அப்போது உத்தரவாயிற்று.

முதுமலையைத் தாண்டி மைசூர் போகும் ரோடு பந்திப்பூர் காட்டுக்குள் போகிறது. 2009-ல் வந்த தடைப்படி, ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை அந்த ரோட்டில் வண்டிகள் போக முடியாது. அந்த ஒன்பது மணி நேரம் ரோடு மிருகங்களுக்குச் சொந்தம். 9 மணிக்குப் பிறகு வந்து சேருகிறவர்கள் செக்போஸ்டில் வண்டியை நிறுத்திவிட்டு விடியும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.