தீயைத் தொழுதோரும் தீயில் உழைப்போரும்

பயணத்தில் இரு வகை உண்டு. பாவத்தைத் தொலைக்கப் புறப்படும் பயணம் ஒன்று. பாடத்தைத் தேடிப் புறப்படும் பயணம் மற்றொன்று. முன்னதற்கு நாட்டிலே சத்திரம் உண்டு, சாவடி உண்டு, தனி இரயில் உண்டு, தட்டேந்தி நிற்கத் தரகரும் உண்டு. பின்னதற்கு என்ன உண்டு? ஆண்டுக்கொரு முறை 'கல்விச் சுற்றுலா' என்று பள்ளி வாசலில் ஒரு பேருந்து புறப்படும். நான்கு கோயில், ஒரு கடற்கரை, ஒரு கேளிக்கைப் பூங்கா. திரும்பி வந்த பிள்ளையிடம், "என்ன கண்டாய்?" என்று கேட்டால், நெற்றியில் உள்ள நீற்றையும் கையில் உள்ள பொம்மையையும் காட்டுவான். கல்வி எங்கே என்று கேட்டால், அது பேருந்தின் பதாகையில் இருக்கிறது!

சிவகாசி மண்ணுக்குப் பயணத்தின் அருமையை நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. வானம் பொய்த்த கரிசல் பூமி அது. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். காளியின் முன் கற்பூரம் கொளுத்தவா? அல்ல, தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்க! கற்றனர், திரும்பினர். தீப்பெட்டி பிறந்தது, பட்டாசு தொடர்ந்தது, அச்சகம் வளர்ந்தது. ஊரின் பெயரிலே காசி இருக்கிறது. ஊரின் வாழ்வோ காசிக்குப் போனதால் வந்ததன்று, கல்கத்தாவுக்குப் போனதால் வந்தது!

அந்த ஊரின் மாணவர்க்கு மற்றொரு பயணத்தை நாம் பரிந்துரைக்கிறோம். பழம் பாரசீகத்தை அறியும் பயணம் அது. "பாரசீகமா? பட்டாசுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பாரசீகத்துக்கும் என்ன தொடர்பு?" என்று சிரிப்போர் சற்றுப் பொறுக்க வேண்டும். தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பின் பெயர் தீபாவளி.

அசுரனைக் கொன்ற நாள் தீபாவளி என்கிறது புராணம். அந்தக் கொலையைக் கொண்டாட வெடிக்கும் வெடியில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்துத் தொழிலாளியின் கையால் திரி வைத்துச் சுற்றப்பட்டது. யார் அந்த அசுரன் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. பாரசீகரின் பழைய மறையாகிய அவெஸ்தாவைத் திறந்து பாருங்கள். அங்கே உயர்ந்த கடவுளின் பெயர் அகுர மஸ்தா. 'அகுர' என்பதும் 'அசுர' என்பதும் ஒரு வேரில் கிளைத்த ஒரே சொல்! இங்கே தேவர் என்று தொழப்படுவோர் அங்கே 'தயேவர்', அதாவது, பேய்கள். நம் நாட்டுப் புராணிகர் தேவர் கோமான் என்று போற்றும் இந்திரன் அங்கே பேய்க் கூட்டத்தில் ஒருவன்! தயேவரின் வழிபாட்டிடத்தை இடித்தேன் என்று பாரசீக மன்னன் செர்க்சஸ் கல்லில் வெட்டி வைத்தான். அக்கல்வெட்டு 1935-இல் பெர்சிபோலிசில் கிடைத்தது. இருக்கு வேதத்தின் பழம் பாடல்களிலும் அசுரன் என்பது உயர்வுச் சொல்லே. பிற்காலத்தில்தான் அது வசைச் சொல்லாக மாறிற்று.

இதன் பொருள் என்ன? தேவன் வானிலிருந்து இறங்கியவனும் அல்லன். அசுரன் பாதாளத்திலிருந்து ஏறியவனும் அல்லன். எழுத்தாணி எவன் கையில் இருந்ததோ, அவன் தன் கூட்டத்தைத் தேவர் என்றான். எதிர்க் கூட்டத்தை அசுரர் என்றான். கூட்டம் மாறினால் பட்டமும் மாறும்! இந்த உண்மையை அறிந்த மாணவன் நரகாசுரன் கதையைக் கேட்டு நடுங்குவானா, நகைப்பானா?

இன்னொன்றும் கேளீர். 'இந்து' என்று மார்தட்டுகிறார்களே, அந்தச் சொல்லின் பிறப்பிடம் எது? சிந்து ஆற்றுப் பகுதியைப் பாரசீகர் நாக்கு 'இந்துஷ்' என்று ஒலித்தது. தாரியஸ் மன்னனின் கல்வெட்டில் அது அவன் ஆண்ட ஒரு நிலப்பகுதியின் பெயர். அயலான் நிலத்துக்கு இட்ட பெயரை அநாதியான மதத்தின் பெயர் என்று பாடம் நடத்துவோரை, வரலாறு படித்த பிள்ளை கேள்வி கேட்பான். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தானோ சுற்றுலாப் பேருந்து கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது?

நம் தோழர்களிலேயே சிலர், "தாரியஸ் தன்னை ஆரியன் என்று சொல்லிக் கொண்டவன், ஈரான் என்ற பெயரும் அந்தச் சொல்லில் பிறந்ததே. ஆரியர் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கக்கூடும். நோயை அறியாமல் மருந்து தரும் மருத்துவன் உண்டா? மேலும், நாம் அகுர மஸ்தாவுக்குக் காவடி எடுக்கச் சொல்லவில்லை. நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என்று சரதுஷ்டிரரின் நெறி சுருக்கிச் சொல்லப்படுகிறது. நல்லதே. ஆனால், அந்த நெறி அரசோடு கைகோத்தபோது என்ன ஆயிற்று? சாசானியர் காலத்தில் அங்கும் நான்கு அடுக்குச் சமுதாயம். மேலே புரோகிதன், கீழே உழவனும் தொழிலாளியும். மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தீர் என்னும் தலைமைப் புரோகிதன், பிற சமயத்தாரை ஒடுக்கியதைப் பெருமையாகப் பாறையில் பொறித்தான். செல்வம் எல்லோர்க்கும் பொது என்ற மஸ்தக், ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொல்லப்பட்டான். பெயர் வேறு, மொழி வேறு, புரோகிதத்தின் குணம் ஒன்று! இதையும் சேர்த்துக் காண்பதே கல்விப் பயணம். பாதியை மறைத்துக் காட்டினால் அதுவும் தல யாத்திரையே.

பட்டாசு ஆலையிலிருந்து வரும் பிள்ளை காண வேண்டிய பொருள் இன்னொன்று இருக்கிறது. பெர்சிபோலிசில் 1933-34-இல் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுக்கப்பட்டன. அவற்றில் போர்ப் பெருமை இல்லை, கணக்கு இருக்கிறது. எந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு தானியம் அளக்கப்பட்டது என்ற கணக்கு! பிள்ளை பெற்ற தாய்க்குக் கூடுதல் படி அளந்தார்கள்; ஆண் பிள்ளை என்றால் பெண் பிள்ளைக்குக் கொடுத்ததைப் போல் இரு மடங்கு. 2,500 ஆண்டுகளுக்கு முன் நன்மையும் அநீதியும் ஒரே பலகையில்! அதைப் படித்த மாணவி ஊருக்குத் திரும்பி, எண்ணிக்கைக் கூலிக்குத் திரி வைக்கும் தன் தாயின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று கேட்கட்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்திலும் மருந்து வெடித்து மாண்டோரின் பெயர்களைப் பட்டியலாகப் படித்தோம். உழைக்கும்போது எழுதப்படாத பெயர், உயிர் போன பின் எழுதப்படலாமா? பாரசீகர் தீயைத் தொழுதனர். நம் மக்கள் தீயில் உழைக்கின்றனர். தொழுத தீ கோயிலில் காக்கப்பட்டது. உழைக்கும் மனிதனைக் காப்பது யார்?

"செலவுக்கு எங்கே போவது?" என்பார்கள். எல்லோரும் ஈரானுக்கு விமானம் ஏற வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 2022 நவம்பரில் ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குச் சென்றனர். பாரசீக வளைகுடாவின் கரையை மிதித்தனர். மகிழ்கிறோம். அந்த வாய்ப்புக் கிட்டாத பிள்ளைக்கு உள்நாட்டிலேயே வழி உண்டு. முதலில் வீட்டு வாசலில் உள்ள வெம்பக்கோட்டைக்குப் போகட்டும். 2022 முதல் அங்கே தோண்டி எடுத்த சங்கு வளையலையும் கண்ணாடி மணியையும் காணட்டும். கீழடியைக் காணட்டும். சென்னைப் பரங்கிமலையில் இடைக்காலப் பாரசீகமாகிய பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை இருக்கிறது. இராயபுரத்தில் 1910-இல் எழுந்த பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது. பிறர் உள்ளே புக இயலாது. வாயிலிலேயே நிற்கட்டும்! கோயில் நுழைவுப் பகையில் 1899-இல் பற்றி எரிந்த சிவகாசியின் பிள்ளைக்கு, அடைத்த கதவு எந்த மதத்தில் இருந்தாலும் பாடமே. சைரஸ் மன்னனின் களிமண் உருளை 2013-இன் இறுதியில் மும்பை அருங்காட்சியகத்துக்கு வந்ததே! அதைக் காண நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேரை அனுப்பினோம்?

விருதுநகரைப் பார்த்துக் கேட்கிறோம். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துப் பள்ளி நடத்திய ஊர் நீ; அந்தப் பள்ளியில்தான் காமராசர் பயின்றார். 1931 ஆகஸ்டில் சுயமரியாதை மாநாட்டைக் கூட்டிய ஊர் நீ. அதே ஆண்டின் இறுதியில் பெரியார் உலகைக் காணக் கப்பலேறினார். ஒரு பிடி அரிசியில் கல்வி வளர்த்த ஊர், ஒரு பெட்டி தீக்குச்சியின் விலையைச் சேர்த்து ஒரு பயணத்தை நடத்த முடியாதா?

முடியும். பேருந்து புறப்படட்டும், இம்முறை உண்டியலைத் தேடி அல்ல, உண்மையைத் தேடி!