முப்பத்தெட்டா, நாற்பத்தைந்தா?

பொந்தியான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார்: "அக்கம்பக்கத்தில் திருட்டு அதிகம். தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன். முப்பத்தெட்டு போதும் என்கிறார் ஒருவர், நாற்பத்தைந்துதான் ஆளை நிறுத்தும் என்கிறார் இன்னொருவர். தெரிந்தவர் ஒருவர் மலிவாகத் தருவதாகவும் சொல்கிறார். எதை வாங்கலாம்?"

அந்தக் கடைசி வரிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்டதற்குப் பதில்.

இந்த எண்கள் குழலின் அகலத்தைச் சுமாராக அங்குலத்தின் நூற்றுக்கூறில் சொல்பவை. முப்பத்தெட்டின் தோட்டா சுமார் 9 மில்லிமீட்டர் பருமன், நாற்பத்தைந்தின் தோட்டா சுமார் 11½. வித்தியாசம் ஒரு தீக்குச்சியின் கனம்தான். அந்தத் தீக்குச்சிக்காக அமெரிக்காக்காரர்கள் நூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள். பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்கள் முப்பத்தெட்டுக் குண்டு பட்டும் வாளோடு பாய்ந்து வந்ததாக அவர்களுடைய சிப்பாய்கள் முறையிட்டார்கள். 1904-ல் சிகாகோவில் மாடுகள்மீது சுட்டுப் பரீட்சை நடந்தது (பாவம், மாடுகள்!). 1911-ல் நாற்பத்தைந்து பிஸ்டல் ராணுவத்துக்கு வந்தது. 1985-ல் அதே ராணுவம் 9 மில்லிமீட்டருக்கு இறங்கி வந்தது.

மறு வருஷம், 1986 ஏப்ரல் 11-ல், மயாமியில் கொள்ளைக்காரர் இருவரோடு நடந்த சண்டையில் எப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் மாண்டனர். ஒரு கொள்ளைக்காரன் உடம்பில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. உடனே பெரிய குண்டுக்கு மாறினார்கள். ஏறக்குறைய 30 வருஷம் கழித்துப் பழையபடி 9 மில்லிமீட்டருக்கே வந்தார்கள். தோட்டாவின் தரம் உயர்ந்திருந்தது. உதைப்பு குறைவாக இருந்தால் குறி தப்புவதும் குறைவு என்று கண்டார்கள். ஆகவே பருமனைவிடப் படுகிற இடம்தான் முக்கியம். இருட்டில், கை நடுங்க, தூக்கக் கலக்கத்தில் சுடுகிறவனுக்கு எந்த எண்ணும் உதவாது. லயத்து வீட்டின் பலகைச் சுவரை இந்த இரண்டு குண்டுகளுமே துளைத்துக்கொண்டு போகும். அடுத்த வீட்டுக் குழந்தை சுவரோரம் படுத்திருக்கும், ஐயா.

இனி, மலிவாகக் கிடைக்கும் துப்பாக்கிக்கு வருவோம்.

பெரியவர்களுக்கு எஸ்.ஏ.கணபதி பெயர் நினைவிருக்கும். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த நம்மவர். அவசரகாலத்தில், 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்தார் என்பதே குற்றம். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. இந்திய அரசாங்கம் கருணை காட்டும்படி கேட்டும் பயனில்லாமல், மே 4-ம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அது எத்தனையாம் நம்பர் ரிவால்வர் என்பதா வழக்கில் பெரிதாக இருந்தது? கையில் இருந்தது, அதுவே போதுமானதாயிற்று.

அவசரகாலம் 1960-ல் முடிந்தது. ஆனால் அதே வருஷத்து ஆயுதச் சட்டம் இன்னும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 7 வருஷம் வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-ம் வருஷச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 வருஷம் வரை சிறை, ஆறு பிரம்படிக்குக் குறையாது. லைசென்ஸ் கொடுக்கிறவர் மாநிலப் போலீஸ் தலைவர். பன்றி விரட்டப் பன்னிரண்டு போர் துப்பாக்கிக்குக் கேட்பது ஒன்று. வீட்டில் வைத்துக்கொள்ளப் பிஸ்டல் கேட்பது வேறு. மலிவாகத் தருகிறேன் என்கிறவரிடம் அந்தக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

தற்காப்பு உரிமையே இல்லையா என்றால், உண்டு. குற்றவியல் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் குற்றமாகாத நிலைமைகள் உண்டு. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது; போலீஸை அழைக்க நேரமிருந்தால் அழைக்க வேண்டும் என்கிறது 99-ம் பிரிவு. எண் 999. ஓடுகிறவனைத் துரத்திப் போய்ச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கடினம்.

வாசலில் ஒரு விளக்கு, தகரத்தைத் தட்டினால் எழுந்து வரும் அடுத்த வீட்டார், இவற்றுக்கு லைசென்ஸ் வேண்டாம். பின்கதவுத் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று அன்பர் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதட்டும்.