வெளியிடுவது வேறு, விளங்கச் சொல்வது வேறு

ஷேல் எரிவாயு பற்றிய உரையாடல்களில் ஒரு வாதம் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில், தனியே பிரித்து விற்கப்படாதவரை, நிலத்தடி வளமும் நிலத்துக்குரியவருக்கே சொந்தம். கிணறுகளின் தரவுகளோ இணையத்தில் கிடக்கின்றன. அதற்குப் பிறகும் ஏமாந்தால் அது அவருடைய சோம்பல். எண்ணெயும் எரிவாயுவும் அரசுடைமையான இந்தியாவிலிருந்து பார்க்கும்போது இந்த ஏற்பாடு பொறாமைக்குரியதாகக்கூடத் தோன்றலாம். மொழியியல் படித்த எனக்கு எரிவாயு வணிகம் அயல்துறைதான். ஆயினும் இங்கே நடப்பது முதன்மையாக மொழியின் சிக்கல் என்பதால் எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம். மார்சிலஸ் பாறைப்படிவத்துக்கான குத்தகை வேட்டை 2008 வாக்கில் சூடுபிடித்தபோது, கிணறு வாரியான உற்பத்தி விவரங்களை ஐந்தாண்டுகள் மறைத்துவைக்கச் சட்டமே இடமளித்தது. 2010இல்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் கட்டாயம் வந்தது. மாதாந்தர அறிக்கைக்கான சட்டம் 2014இல். கையெழுத்துகள் வாங்கி முடித்தபின் திறந்த கதவைக் காட்டி, ஏன் நுழையவில்லை என்று கேட்கிறார்கள்.

சரி, நுழைந்தவர் என்ன காண்கிறார்? அளவு 'எம்சிஎஃப்' என்றிருக்கும். கணினிப் பழக்கத்தில் 'எம்' மில்லியன். இங்கோ அது ரோமானிய எண், ஆயிரம் கன அடி. பத்து இலட்சத்துக்கு இரண்டு 'எம்'. இதை அறியாதவரின் கணக்கு ஆயிரம் மடங்கு பிழைக்கும். அருகிலேயே 'உற்பத்தி நாட்கள்' என்றொரு பத்தி இருக்கும். ஒரு கிணறு மாதத்தில் 90,000 அலகும் இன்னொன்று 1,20,000 அலகும் தந்ததாகக் கொள்வோம். முதலாவது ஒன்பது நாட்களே இயங்கியது, இரண்டாவது முப்பது நாளும் இயங்கியது என்றால், நாளொன்றுக்கு முன்னதன் விளைச்சல் 10,000, பின்னதன் விளைச்சல் 4,000. பெரிய எண்ணைக் கண்டு மகிழ்ந்தவர் தலைகீழாகப் படித்திருப்பார். செய்தி அறிக்கைகளில் முழங்கும் தொடக்க உற்பத்தியோ பெரும்பாலும் இருபத்துநான்கு மணிநேரச் சோதனையின் அளவு. ஷேல் கிணற்றின் விளைச்சல் முதலாண்டிலேயே பாதிக்கும் மேல் வீழ்வது இயல்பு. அந்தச் சரிவு எந்த முழக்கத்திலும் ஒலிப்பதில்லை.

பங்குக் கணக்கும் அப்படியே. 640 ஏக்கர் அலகில் 50 ஏக்கர் வைத்திருப்பவருக்கு எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்றால், அக்கிணறுகளின் வருவாயில் அவர் பின்னம் சுமார் 0.0098. 'எட்டில் ஒன்று' என்று காதில் விழுந்தது, காசோலையில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே நிற்கிறது.

இவற்றையாவது முயன்று கற்கலாம். 'ராயல்டி' என்ற சொல்லை என்ன செய்வது? குறைந்தது எட்டில் ஒரு பங்கு தர வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியளித்தது; அச்சொல்லுக்கு வரையறை தரவில்லை. கிணற்றுவாயில் தாண்டிய பின் ஏற்படும் சேகரிப்பு, அழுத்தமேற்றல், போக்குவரத்துச் செலவுகளைக் கழித்துக்கொண்டு பங்கைக் கணக்கிடலாமா என்ற வழக்கில், கழிக்கலாம் என்று 2010இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துறைவழக்கில் ராயல்டி என்பது உற்பத்திச் செலவு மட்டும் நீங்கிய பங்கு. அதற்குப் பிந்தைய செலவு நீங்கியது அன்று என்பது அதன் வாசிப்பு. சொல்லின் பொருளை வழக்கே தீர்மானிக்கிறது என்பது எங்கள் துறையின் அரிச்சுவடி. ஆனால் எவருடைய வழக்கு? ஒப்பந்தத்தில் இரு தரப்பு இருக்க, அகராதி மட்டும் ஒரு தரப்பினுடையதாக இருந்தால், மற்றவர் தமக்குத் தெரியாத மொழியில் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதே பொருள்.

எனவே சோம்பல் என்ற குற்றச்சாட்டை முதலில் திரும்பப் பெறுங்கள். நிறுவனங்களிடம் எளிய விளக்கம் இல்லாமலில்லை. முதலீட்டாளர் கூட்டங்களில், ஒரு கிணறு எவ்வாறு சரியும், வாழ்நாளில் எவ்வளவு தரும் என்று வண்ண வளைகோடுகளில் அழகாகவே விளக்குகிறார்கள். அதே தாளைக் குத்தகைப் பத்திரத்துடன் இணைத்து, எந்தெந்தச் செலவு கழிக்கப்படும் என்பதையும் அதிலேயே எழுதித் தர என்ன தடை?